புதுப்பிப்பு: சாப்பிட மறுத்த சிப்பிப்பாறை

தீபாவளிக்கு எங்கள் வீட்டில் தங்க வந்த சிப்பிப்பாறை நாய் தட்டைத் தொடவே மறுக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். நல்ல செய்தி: சாப்பிட்டுவிட்டான்! யோசனை சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பசியின்மை உண்ணிக் காய்ச்சலின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று ஒருவர் எச்சரித்திருந்தார். காது மடிப்பு, விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்த்தேன், உண்ணி இல்லை. கால்நடை மருத்துவரிடமும் காட்டினேன். உடல் வெப்பம் 102 டிகிரி பாரன்ஹீட். மனிதருக்குக் காய்ச்சல், நாய்க்கு இயல்பு. வீட்டு ஏக்கம்தான் என்றார்.

நாயின் உரிமையாளர் உடுத்திய லுங்கியைத் துவைக்காமல் வாங்கி விரிக்கச் சொன்னீர்களே, அதுதான் பலித்தது. நெடுநேரம் முகர்ந்தான். முன்கால்களால் இழுத்துச் சுருட்டி, அதன்மேல் தாடையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான். உப்பில்லாமல் வேகவைத்த கோழியும் சாதமும் பக்கத்தில் வைத்துவிட்டு அறையைவிட்டு வெளியேறினேன். புது ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது போலும். திரும்பி வந்தபோது தட்டில் ஒரு பருக்கை இல்லை.

பட்டாசு நேரத்தில் நடு அறையில் வைத்து, சன்னல்களைப் போர்வையால் மூடி, மின்விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். மாலை நடையை இருட்டுவதற்கு முன்பே முடித்துவிட்டோம்.

லட்டு கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டவே வேண்டாம். அதில் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பாழாக்கிவிடும்.

இனி நாயை விட வருபவர்களிடம் தடுப்பூசி அட்டையோடு துவைக்காத துணி ஒன்றையும் கேட்டு வாங்கப்போகிறேன்.