தாத்தா வீட்டுப் பேப்பர்

முரளி: கார்த்தி, நாளைக்கு ரிப்பன் மாளிகை போய் தாத்தா வாரிசு சான்றுக்கு மனு குடுத்துடு. பதினாறாம் நாளுக்குள்ள வந்துட்டா நல்லது

கார்த்தி: சரிப்பா

சித்ரா அத்தை: அங்க போகாத கார்த்தி. ரிப்பன் மாளிகை மாநகராட்சி. வாரிசு சான்று குடுக்கறது தாசில்தார். ரெண்டும் தனித்தனி, மாநகராட்சி ஆணையர் கலெக்டருக்குக் கீழ வர்றவர் இல்ல. குப்பை, தெருவிளக்கு, வீட்டு வரி, கட்டட அனுமதி, பிறப்பு இறப்புப் பதிவு ஆணையர் பக்கம். பட்டா, வாரிசு, சாதி, வருமானம் எல்லாம் கலெக்டர் பக்கம்: கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.)னு இறங்கும். இ-சேவையில போட்டாலே போதும், 60 ரூபாய்

கார்த்தி: தாலுகா லிஸ்ட்ல வளசரவாக்கமே இல்லையே அத்தை

சித்ரா அத்தை: வளசரவாக்கம் மாநகராட்சி மண்டலம், 11. தாலுகா மதுரவாயல். மண்டலப் பேர வச்சு தாலுகாவத் தேடினா மனு வேற ஆபீசுக்குப் போய் அங்கயே கெடக்கும். 2011ல நகராட்சியா இருந்தத மாநகராட்சியோட சேர்த்தாங்க, மாவட்டம் மட்டும் திருவள்ளூராவே இருந்துச்சு. 2018 ஆகஸ்ட்லதான் சென்னை மாவட்டத்துக்குள்ள வந்தோம்

சேகர் மாமா: பத்திரத்துல செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்னு போட்டிருக்கே

சித்ரா அத்தை: அது 1994 பத்திரம். 1997லதான் காஞ்சிபுரம், திருவள்ளூர்னு பிரிச்சாங்க. திருத்த வேண்டியதில்ல. சர்வே எண்தான் கண். நகர அளவை முடிஞ்சிருந்தா பழைய கிராம எண்ணுக்குப் பதிலா வார்டு, பிளாக், புது எண் வந்திருக்கும். பழசும் புதுசும் ஒரே மனைதான்னு காட்டணும்

சேகர் மாமா: சமையல்காரர் கேக்கறார், காரியத்துக்கு எத்தனை பேரு? 80 சொல்லட்டா?

முரளி: சித்ரா, இறப்புச் சான்று வளசரவாக்கத்துலதானே வாங்கணும்?

சித்ரா அத்தை: இல்லண்ணா. உசுரு போன இடத்துலதான் பதிவு. அப்பா ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில போனாரு, அந்தப் பகுதிப் பதிவுலதான் வரும். 21 நாளுக்குள்ள பதிவாகணும், ஆஸ்பத்திரியே அனுப்பிடும். ஆன்லைன்ல இறக்கிக்கலாம். இறக்கினதும் பேர எழுத்து எழுத்தாப் பாரு கார்த்தி. ஆதார்ல ரெங்கசாமி. சான்றுல ரங்கசாமின்னு இருந்தா அங்கயே திருத்திக்க. அந்த ஒத்தக் கொம்புக்கே வாரிசு மனுவத் திருப்பிடுவாங்க

கார்த்தி: ஓகே. வாரிசுல பாட்டி, அப்பா, நீங்க. மூணு பேரு

கீதா: 🙏

சித்ரா அத்தை: மூணு இல்ல. தம்பி இல்லேன்னாலும் அவன் சம்சாரம் கீதா, பொண்ணு பிரியா ரெண்டு பேரும் வாரிசு. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துல முதல் வகுப்பு. விட்டுட்டா ஆர்.ஐ. விசாரணையில அக்கம்பக்கத்துல கேட்டாலே தெரிஞ்சுடும். தப்பித்தவறி சான்று வந்தாலும் கோட்டாட்சியர்கிட்ட மேல்முறையீடு போனா நிக்காது

முரளி: நான் ஒண்ணும் விடச் சொல்லல

பிரியா: அப்பாவோட இறப்புச் சான்று எங்கிட்ட இருக்கு பெரியப்பா. அனுப்பவா?

முரளி: அனுப்பும்மா

மணி சித்தப்பா: வோட்டர் லிஸ்ட்ல அண்ணன் பேரு எடுக்க கலெக்டர் ஆபீசா?

சித்ரா அத்தை: சென்னையில மாவட்டத் தேர்தல் அலுவலரே மாநகராட்சி ஆணையர்தான் சித்தப்பா. மத்த மாவட்டத்துல கலெக்டர். படிவம் 7, மண்டல ஆபீஸ்ல

மணி சித்தப்பா: ரேஷன்?

சித்ரா அத்தை: அது தனித் துறை, உணவு வழங்கல். நம்ம பகுதிக்குன்னு உதவி ஆணையர் ஆபீஸ் இருக்கு. வாரிசு மனு போடற வரைக்கும் தாத்தா பேர எடுக்காதீங்க, குடும்ப அட்டை ஆதாரமாக் கேப்பாங்க

முரளி: வீட்டு வரி, பட்டா ரெண்டையும் என் பேருக்கு மாத்திடலாம்ல

சித்ரா அத்தை: வாரிசு அஞ்சு பேருன்னா பட்டாவும் அஞ்சு பேருக்கும் சேர்த்துதான் மாறும். உன் பேருக்கு மட்டும்னா மத்த நாலு பேரும் சார்பதிவாளர் ஆபீஸ்ல அவங்கவங்க பங்க விட்டுக் குடுக்கற விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணித் தரணும். அதுக்கப்புறம்தான் தாசில்தார்கிட்ட பட்டா, மண்டல ஆபீஸ்ல வரி

கீதா: அண்ணி, அத காரியம் முடிஞ்சு பேசிக்கலாமே

முரளி: பார்க்கலாம்

கார்த்தி: அப்ப திங்கக்கிழமை இ-சேவையா?

சித்ரா அத்தை: இறப்புச் சான்று வந்தாத்தான்

சேகர் மாமா: 80ஆ 100ஆ?