மறு: ‘ரீடபிலிட்டி’க்கு ‘வாசிப்புத்திறன்’ வேண்டாமே

அனைவருக்கும் வணக்கம்.

‘ரீடபிலிட்டி’க்கு, அதாவது ஒரு பக்கம் கண் சலிக்காமல் வாசிக்க எவ்வளவு ஏதுவாக இருக்கிறது என்பதற்கு, நாம் தமிழ்ச்சொல் தேடிவரும் மடலாடலின் தொடர்ச்சி இது. எங்கள் ஊர் நூலகத்தின் சிறு இணையதளத்தைப் புதுப்பித்ததைப் போன மடலில் எழுதியிருந்தேன். வாசகர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு படிவம் அனுப்பினோம். அதில் மூன்றாவது கேள்வி: ‘தளத்தின் வாசிப்புத்திறன் எப்படி உள்ளது?’ ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதிய பதில் இது: ‘எனக்கு நன்றாகவே வாசிக்க வரும். உங்கள் பக்கத்தில்தான் வரி தவறிப் போகிறது.’

அன்றே அந்தச் சொல்லைக் கைவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாசிப்புத்திறன் என்றால் பிள்ளையின் திறன். பக்கத்தின் குறையைக் கேட்கப்போய், வாசிக்க வந்தவரைச் சோதித்துவிட்டோம். சொல் எதுவானாலும் அது பக்கத்தைச் சுட்ட வேண்டும், ஆளை அல்ல. எனக்கு இதுதான் முதல் நிபந்தனை.

> ‘படிப்புத்தன்மை’ போதாதா? லெஜிபிலிட்டிக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, படிப்பு என்றதும் நம் மக்களுக்குப் பள்ளியும் பட்டமும்தான் நினைவுக்கு வரும். அதைவிட, இரண்டுக்கும் ஒரே சொல் என்பதை ஏற்க முடியவில்லை. தமிழ் எழுத்தில் இந்த இரண்டும் தனித்தனி நோய்கள்.

லெஜிபிலிட்டி ஓர் எழுத்தை இன்னோர் எழுத்திலிருந்து பிரித்தறிவது. எங்கள் பழைய வடிவில் எழுத்தளவு 14 பிக்சல், வெள்ளைமேல் சாம்பல் நிறம். ‘கெடு’ எது, ‘கேடு’ எது என்று மங்கிய திரையில் தெரியவில்லை. அந்த ஒற்றைக்கொம்பின் தலைச்சுழி ஒன்றுதான் குறிலையும் நெடிலையும் பிரிக்கிறது. வீரமாமுனிவர் செய்த அந்தத் திருத்தத்தையே நாங்கள் அழித்துவிட்டோம். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே கதி. வலைப்பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் வலை அணுக்க நெறிமுறை (WCAG), சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1. எங்கள் சாம்பல் (நிறக்குறியீடு 777777) 4.48இல் நின்றது. இதற்கு ‘எழுத்துத் தெளிவு’ என்ற எளிய தொடரே போதும். புதிதாக எதுவும் ஆக்க வேண்டாம்.

ரீடபிலிட்டி வேறு. ஒவ்வோர் எழுத்தும் பளிச்சென்று தெரிந்தாலும் பத்து வரி தாண்டியதும் கண் சலித்துப்போகலாம். வரி இடைவெளியை எழுத்தளவின் 1.2 மடங்காக வைத்திருந்தோம். மேல்வரியில் ‘ழு’வின் வால் இறங்க, கீழ்வரியில் ‘கீ’யின் கொண்டை ஏற, இரண்டும் முட்டிக்கொண்டன. போதாக்குறைக்கு இருபுறமும் சமன்செய்து அடுக்கியிருந்தோம். தமிழில் விகுதியும் உருபும் சேர்ந்து சொற்கள் நீளும். கைபேசி அகலத்தில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும். அவற்றுக்கிடையே பள்ளம் பள்ளமாக வெள்ளை விழுந்தது. ஆசிரியை ‘வரி தவறுகிறது’ என்றது இதைத்தான். இப்போது எழுத்து 18 பிக்சல், இடைவெளி 1.7, இடப்புறம் மட்டும் நேர்.

> நன்னூல் சொல்லும் பத்து அழகில் ‘நவின்றோர்க்கு இனிமை’ உண்டே. அதிலிருந்து ஒரு சொல் எடுக்கலாமா?

தம்பி, இந்த மடலாடலில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது. நன்னூலார் அதை நூலின் அழகாக வைத்தார், கற்பவரின் திறமையாக வைக்கவில்லை. நம் நிபந்தனை அங்கேயே இருக்கிறது. ஆனால் அவர் பேசுவது சொல்லும் முறையைப் பற்றி. வரி இடைவெளியும் நிறமும் அதற்குள் அடங்கா. கருத்தை எடுத்துக்கொள்வோம், சொல்லை அங்கேயே விடுவோம்.

‘வாசிப்பெளிமை’யும் இப்படித்தான் இடறுகிறது. எளிமை என்றால் எளிய நடை என்றே புரிந்துகொள்வார்கள். கடினமான நடையில் எழுதிய கட்டுரையையும் கண் நோகாமல் அடுக்க முடியுமே.

என் முன்மொழிவு: வாசிப்பிதம். புதிய வடிவைப் பார்த்த ஒருவர் ‘கண்ணுக்கு இதமா இருக்கு’ என்று எழுதியதிலிருந்து எடுத்தேன். ‘வாசிப்பிதமான பக்கம்’, ‘வாசிப்பிதம் குறைவு’, ‘வாசிப்பிதத்தைக் கூட்டு’ என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன், நிற்கிறது. இதம் வடசொல்லாயிற்றே என்பீர்கள். ‘வாசிப்பினிமை’யையும் எண்ணிப் பார்த்தேன்; அது கதையின் சுவைக்குப் போய்விடுகிறது. வீட்டில் வெந்நீருக்கும் காற்றுக்கும் சொல்லிப் பழகிய சொல்லைத் தள்ள எனக்கு மனமில்லை.

ஒன்று மட்டும்: இந்தச் சொல் நம் குறிப்புகளுக்கும் தளத்தின் அமைப்புப் பட்டியலுக்கும்தான். படிவத்தில் எந்தக் கலைச்சொல்லும் வேண்டாம். ‘வரி தவறுகிறதா?’, ‘எந்த எழுத்தாவது குழப்புகிறதா?’, ‘எத்தனை பத்தி படித்ததும் நிறுத்தத் தோன்றியது?’ என்றே கேட்கப் போகிறோம்.

வெள்ளிக்கிழமை படிவம் மறுபடி போகிறது. அதே நாளில் அமைப்புப் பட்டியலிலும் ‘வாசிப்பிதம்’ ஏறும். சொல் காதில் இடறினால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்