புதுப்பிப்பு: விலையும் பாட்டும்

"அரிதான சோல் இசைத்தட்டுகளில் பாதி குப்பை" என்று, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் அந்த இசை வகையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். பாடகர் ஃபிராங்க் வில்சனைக் காட்டிப் பலர் மடக்கினீர்கள். நியாயம்தான்: அவருடைய 1965ஆம் ஆண்டுத் தட்டு ஒன்று 2009இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது, பாட்டும் அருமை. ஆனால் விகன் காசினோ என்ற இங்கிலாந்து நடன அரங்கில் அது ஆரம்பத்தில் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில்தான் ஒலித்தது. போட்டி டிஜேக்கள் தேடிப்பிடித்துவிடக் கூடாதென்று பாடகர் பெயர் அச்சிட்ட லேபிளை மறைப்பது அங்கே வழக்கமாக இருந்தது. ஆடியவர்களுக்கு விலையா தெரியும்?

நேற்றிரவு தம்பியிடம், எனக்கு லேபிளைக் காட்டாமல் தட்டுகளைப் போடச் சொன்னேன். நான் பணத்தைக் கொட்டி வாங்கியது இரண்டாவது சரணத்திலேயே சலித்தது. பாடகர் ஆர். டீன் டெய்லரின் பழைய பாட்டு ஒன்றின் 1974 மறுவெளியீட்டை (பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போனது, எளிதில் கிடைப்பது) மூன்று முறை கேட்டோம்.

"பாதி" என்றதைத் திரும்பப் பெறுகிறேன். "குப்பை" என்றதை அல்ல.