ஆகஸ்ட்ல தாய்லாந்து போகலாமா? மழைன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க

திருப்பூர்க்காரன்:
வணக்கம். ஆகஸ்ட் 2வது வாரத்துக்கு சென்னை - பாங்காக் டிக்கெட் போட்டாச்சு. எனக்கு லீவு கிடைக்கிறதே அப்பத்தான். நான், வீட்டுக்காரம்மா, 5 வயசுப் பொண்ணு, எங்கம்மா (63). பாங்காக்ல 2 நாள், புக்கெட்ல 5 நாள். அங்கிருந்து ஸ்பீட்போட்ல பீ பீ தீவு, அங்க இருக்கற மாயா பே கடற்கரை.

கம்பெனில எல்லாரும் "மழைக்காலத்துல போய் ரூம்லயே உட்கார்ந்துட்டு வரப்போற"ன்னு சொல்றாங்க. கேன்சல் பண்ணா பாதிக் காசு போயிடும். அம்மா முதல் தடவையா ஃப்ளைட் ஏறப்போறாங்க, ஒரு மாசமா அதே பேச்சா இருக்காங்க. அந்த மாசத்துல போனவங்க யாராவது சொல்லுங்களேன்.

முத்துநகர் கடலோரம்:
கேன்சல் பண்ணாதீங்க. ஆனா புக்கெட்டை மாத்துங்க.

நான் தூத்துக்குடி. அப்பா 40 வருஷம் கடலுக்குப் போனவர். நாங்க மழைக்காலம்னு கணக்குப் பார்க்கறதில்லை, எந்தக் காத்து அடிக்குதுன்னுதான் பார்ப்போம். மே முதல் அக்டோபர் வரைக்கும் தென்மேற்குக் காத்து. கேரளாவுல கொட்டுற அதே பருவமழைதான் அந்தமான் கடலைத் தாண்டி புக்கெட், கிராபி கரையில மோதுது. நமக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மாதிரி அவங்களுக்கும் தென் பகுதியில வடக்கு தெற்கா மலை ஓடுது. மேற்குக் கரை நனையும், கிழக்கே தாய்லாந்து வளைகுடாப் பக்கம் இருக்கற கோ சாமுய் தீவுல அவ்வளவு மழை இருக்காது. நவம்பர்ல அப்படியே திரும்பிடும். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வர்ற நேரத்துல சாமுய்லயும் ஊத்தும், புக்கெட் தெளிஞ்சிடும். அதனால ஆகஸ்டுக்கு சாமுய்.

இன்னொண்ணு, மாயா பே ஆகஸ்ட் 1லிருந்து செப்டம்பர் 30 வரைக்கும் வருஷா வருஷம் மூடிடுவாங்க. நீங்க போற நேரத்துல பார்க்கவே முடியாது. டூர் விக்கிறவங்க எல்லாரும் இதை முன்கூட்டியே சொல்றதில்லை.

பயணப்பிரியை:
இவ்வளவு பயப்படணுமா? நாங்க ரெண்டு பேரும் ஆகஸ்ட்லதான் புக்கெட் போனோம். மத்தியானத்துக்கு மேல ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்தும், அப்புறம் வெயில். ஹோட்டல் சீசன் ரேட்ல பாதிதான். மங்குஸ்தான், ரம்புட்டான் ரெண்டும் தள்ளுவண்டியில குவிஞ்சு கிடந்துச்சு. அதுக்காகவே மறுபடி போவேன்.

முத்துநகர் கடலோரம்:
நீங்க சொல்றது சரிதான்மா, மழை ஒரு பிரச்சினையே இல்லை. கடல்தான். வெயில் அடிக்கிற அன்னைக்கும் அலை இருக்கும்.

2019 ஜூலையில எங்கம்மாவைக் கூட்டிட்டு புக்கெட் போனேன். காலையில வானம் நீலமா இருந்துச்சு. கடலைப் பார்த்ததுமே தூரத்துல வெள்ளை வெள்ளையா நுரை தெரிஞ்சுது. அப்பாவா இருந்தா அன்னைக்கு வள்ளத்தை இறக்கியிருக்க மாட்டார். படகுக்காரர் "பிரச்சினை இல்லை"ன்னார், காசும் கட்டிட்டோம், ஏறிட்டேன். கடல் நல்லா தெரியும்னு அம்மாவை முன் பக்கம் உட்கார வெச்சுட்டேன். ஒவ்வொரு அலைக்கும் முன்பக்கம் தூக்கித் தூக்கித் தரையில அடிக்கிற மாதிரி விழுந்துச்சு. பத்தாவது நிமிஷம் அம்மா சத்தமே போடலை, என் சட்டையைப் பிடிச்ச கை மட்டும் விடவே இல்லை. இறங்குறப்போ இடுப்பு பிடிச்சுக்கிச்சு, ஊர் வந்தும் ரெண்டு மாசம் குனிய முடியலை. கடல் தெரிஞ்ச குடும்பத்துல பிறந்தும் அதைச் செஞ்சேன்னு இன்னைக்கும் மனசு உறுத்துது. ஸ்பீட்போட்ல போயே ஆகணும்னா பின்னால, இஞ்சின் பக்கம் உட்காருங்க. வயசானவங்க, முதுகுவலி இருக்கறவங்க, கர்ப்பிணிங்க ஏறவே வேண்டாம்.

அதுக்கு முந்தின வருஷம் ஜூலை 5ஆம் தேதி அதே புக்கெட் கடல்லதான் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி 47 பேர் செத்தாங்க. மோசமான வானிலைன்னு எச்சரிக்கை கொடுத்திருந்த நாள். எச்சரிக்கை வந்தா காசு போனா போகட்டும்னு கரையில நில்லுங்க.

கரையிலயும் கவனம் வேணும். கரோன், கட்டா, பட்டோங் எல்லாம் மேற்குப் பார்த்த கடற்கரை, இந்த மாசங்கள்ல சிவப்புக் கொடி நட்டிருப்பாங்க. கொடி இருந்தா முழங்கால் தண்ணிக்கும் குழந்தையை விடாதீங்க. அலைக்கு நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கலங்கலா தெரியும். பழகாதவங்க பத்திரம்னு அங்கதான் இறங்குவாங்க. ஆனா கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற வழியே அதுதான், ஆளையும் சேர்த்து இழுத்துட்டுப் போயிடும். மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது. கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி இழுப்பை விட்டு விலகணும், அப்புறம்தான் கரைக்குத் திரும்பணும்.

பினாங்குவாசி:
அண்ணன் சொல்வது இங்கே மலேசியாவிற்கும் பொருந்தும். கிழக்குக் கரையில் திரெங்கானு பக்கம் இருக்கும் பெர்ஹெந்தியான் தீவில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தங்கும் விடுதிகள் பெரும்பாலும் அடைத்துவிடுவார்கள், ஆகஸ்டில் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். வெள்ளத் தண்ணீரில் காலில் புண்ணோடு நடக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். டெங்கியும் உண்டு. பிள்ளைக்குக் கொசு மருந்து பகலிலும் தடவுங்கள்.

திருப்பூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நேத்து ராத்திரி உட்கார்ந்து புக்கெட்டை எடுத்துட்டு சாமுய் போட்டுட்டேன். ரூம் வாடகை கொஞ்சம் கூடத்தான், ஆகஸ்ட் அங்க சீசனாம். அண்ணே, சாமுய்க்கும் கடல் வழியாத்தானே போகணும்? அம்மாவுக்குப் பஸ்லயே வாந்தி வரும்.

முத்துநகர் கடலோரம்:
பயப்படாதீங்க தம்பி. பாங்காக் க்ருங் தெப் அபிவத் ஸ்டேஷன்ல ராத்திரி ரயில் ஏறினா காலையில சூரத் தானி. பெர்த் இருக்கு, பாப்பாவுக்கும் பிடிக்கும். அங்கிருந்து பஸ்ல டோன்சாக் துறைமுகம், அப்புறம் சுமார் ஒன்றரை மணி நேரம் ஃபெர்ரி. அது லாரியே உள்ள ஏறுற பெரிய கப்பல், ஸ்பீட்போட் மாதிரி தூக்கிப் போடாது. அம்மாவை நடுவுல, தூரத்துல கடலும் வானமும் சேர்ற இடம் தெரியிற மாதிரி உட்கார வைங்க. ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி லேசா ஏதாவது சாப்பிடட்டும், வெறும் வயிறு வேண்டாம். ஊர்லேர்ந்தே இஞ்சி மரப்பா ஒரு பாக்கெட் வாங்கிக்கோங்க.

மங்குஸ்தானை ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க. தோல் கறை பெட்ஷீட்ல பட்டா போகாது, நிறைய ஹோட்டல்ல அபராதம் போடுவாங்க. வெளியிலயே உட்கார்ந்து உரிச்சுக் கொடுங்க அம்மாவுக்கு.