‘ஸ்டே கிரீன்’ சோளம்: ‘காயாத்தோகை’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

மழை பொய்த்தாலும் சோளத்தின் தோகை (இலை) சட்டென்று காயாமல் பச்சையாகவே நிற்கும் பண்பை ஆங்கிலத்தில் ‘ஸ்டே கிரீன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘மாறாப்பசுமை’ என்று இங்கே ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. ‘பசுமை மாறாக் காடு’ பாடநூல்வரை போய்விட்ட சொல். அது ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்பது. சோளத்தின் கதை வேறு. பூத்த பிறகு மழை பொய்த்தால் சாதாரணச் சோளம் அடித்தோகையிலிருந்து காய்ந்துகொண்டே மேலே போகும். இந்தப் பண்புள்ள சோளத்தில் கதிர் முற்றும் வரைக்கும் தோகை தாக்குப்பிடிக்கும். அறுத்துப் போட்டால் அதுவும் காயத்தான் செய்யும்.

மாட்டுக்கு இதில் என்ன லாபம்? பச்சை இருக்கும்வரை தோகையில் நைட்ரஜன் தங்குகிறது; புரதத்துக்கு அதுதான் மூலம். காய்ந்த சோளத்தட்டையில் (கதிர் எடுத்தபின் மிஞ்சும் தண்டும் தோகையும்) புரதம் பெரும்பாலும் 3, 4 விழுக்காடுதான். மாட்டின் முதல் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்ய ஏறத்தாழ 7 வேண்டும். அந்தக் குறையைப் பிண்ணாக்கு வைத்தோ, யூரியாக் கரைசல் தெளித்து மூடிவைத்தோ சரிக்கட்டுகிறோம். ரகத்திலேயே கொஞ்சம் கூடினால் அந்தச் செலவு குறையும். ஹைதராபாத் அருகே பட்டஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆய்வு நிறுவனத்தில், எத்தியோப்பியச் சோளத்தின் வழிவந்த பி35 என்ற சோள வகையிலிருந்து இந்தப் பண்பை வேறு ரகங்களுக்கு ஏற்றியிருக்கிறார்கள். ஹைதராபாத் தட்டை வியாபாரத்தை ஆராய்ந்தபோது, செரிமானம் 47 விழுக்காடாக இருந்த தட்டையைவிட 52 இருந்த தட்டைக்குக் கால் பங்கு விலை கூடுதலாகக் கிடைத்தது. ஆய்வகம் பார்க்காமலே வியாபாரிகள் தரம் பிரித்திருக்கிறார்கள்!

ஆகவே என் பரிந்துரை ‘காயாத்தோகை’. ரகம் என்றால் காயாத்தோகைச் சோளம், பண்பு என்றால் தோகை காயாமை. ‘இலை’ வேண்டாம்; சோளத்துக்கும் கரும்புக்கும் நம் பக்கம் தோகைதான்.

காரைக்குடி

---

அண்ணே, ‘வாடாத்தோகை’ இன்னும் நன்றாக இல்லையா? ‘காயா’ என்றதும் எனக்குக் காயாம்பூ நினைவு வருகிறது. செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் போய்ச் சொன்னால் எது புரியும்?

கானாடுகாத்தான்

---

தம்பி, வாடின பயிர் தண்ணீர் விட்டால் நிமிர்ந்துவிடும், காய்ந்த தோகை நிமிராது. நாம் பேசுவது காய்வதைப் பற்றி. சோளக்கொல்லையில் யாரும் காயாம்பூ தேடப் போவதில்லை, விடுங்கள்.

‘பிரவுன் மிட்ரிப்’ சோளத்தையும் இதே தலைப்பின்கீழ் நம் கலைச்சொல் அட்டவணையில் சேர்த்திருக்கிறார்கள், அதைப் பிரித்துவிடுங்கள். அதில் லிக்னின் (எளிதில் செரிக்காத மரப்பொருள்) குறைவு, அதனால்தான் எளிதாகச் செரிக்கிறது; தோகை காயாமல் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அதற்கு இப்போதைக்குப் ‘பழுப்பு நடுநரம்பு’ என்றே இருக்கட்டும்.

காரைக்குடி