தியானத்தையும் மூளையையும் சேர்த்துப் படிக்க வழி உண்டா?

திருமங்கலம் கார்த்தி:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கை மதுரையில் பி.எஸ்சி. உளவியல் கடைசி வருஷம். ரிச்சர்ட் டேவிட்சன் என்ற அமெரிக்க நரம்பியல் விஞ்ஞானியின் பேச்சைக் கேட்டதிலிருந்து, தியானம் மூளையை என்ன செய்கிறது என்றுதான் ஆராய்ச்சி செய்வேன் என்கிறாள். அப்பா பி.எட். முடித்துவிட்டு டீச்சர் வேலைக்குப் போகச் சொல்கிறார். இப்படி ஒரு துறை நிஜமாகவே இருக்கிறதா? அந்த மனிதர் எப்படி இதற்குள் வந்தார்?

அழகர்கோவில் ரோடு:
எட்டு வாரம் தியானம் செய்தாலே மூளையின் அமைப்பு மாறிவிடும் என்று நிரூபித்தாகிவிட்டது. இனி என்ன ஆராய்ச்சி? யோகா டிப்ளமா படிக்கச் சொல்லுங்கள், போதும்.

இஇஜி அக்கா:
கார்த்தி தம்பி, நான் இங்கே ஒரு மருத்துவமனையில் இஇஜி, அதாவது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் சோதனை, எடுக்கிறேன். தங்கையின் ஆசை நல்ல ஆசை.

முதலில் மேலே உள்ள அண்ணனுக்கு: அந்த எட்டு வார விஷயத்தை டேவிட்சன் குழுவே 200 பேருக்கு மேல் வைத்துச் சோதித்து, மூளை அமைப்பில் மாற்றம் தெரியவில்லை என்று 2022இல் வெளியிட்டது. வாழ்நாள் முழுக்கத் தியானத்தின் பக்கம் நின்றவர், தனக்குச் சாதகமில்லாத முடிவையும் மறைக்கவில்லை. அவரை நான் மதிப்பது இதற்காகத்தான்.

ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோதே, 1974இல், இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து தியானம் பழகியவர் அவர். ஆனால் திரும்பிப் போய் ரொம்ப காலம் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது உணர்ச்சிகளை. வலிப்பு வந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய்மார்களைத் தினமும் பார்க்கிறேன். டாக்டர் சொல்வதைக் கேட்டு அழுது முடித்து, கொஞ்ச நேரத்தில் மாத்திரைச் சீட்டோடு வரிசையில் நிற்பவரும் உண்டு; மாசக்கணக்கில் மீளாதவரும் உண்டு. இந்த வித்தியாசம் மூளையில் எங்கே இருக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. 1992இல் தர்மசாலாவில் அவரைச் சந்தித்த தலாய் லாமா, பயத்தையும் மனச்சோர்வையும் அளக்கும் கருவிகளால் அன்பையும் கருணையையும் ஏன் அளக்கக் கூடாது என்று கேட்டார். அப்புறம்தான் தியானம் அவருடைய ஆய்வகத்தின் நடுவுக்கு வந்தது.

2004இல் வந்த புகழ்பெற்ற கட்டுரையில், 10,000 மணி நேரத்துக்கு மேல் தியானம் பழகிய எட்டு பேரிடம் காமா அலைகள் (மூளையின் வேகமான மின் அலைகள்) பலமாக எழுந்ததைக் காட்டினார்கள். அதைப் படிக்கும்போது என் கண் போனது வேறு இடத்துக்கு. நாங்கள் டேப் வைத்துத் தலையை அளந்து, பேஸ்ட் தடவி ஒட்டுவது 21 எலக்ட்ரோடு. அவர்கள் வைத்தது 128. எண்ணெய்த் தலையோடு வந்தால் ஒன்றுகூட ஒழுங்காக ஒட்டாது. ஒட்டினாலும், பல்லைக் கடித்தால் போதும், திரை முழுக்கக் கோடு கறுப்பாக அடைத்துவிடும். தசையிலிருந்து வரும் அந்த இரைச்சல் காமா அலையின் வேகத்திலேயே ஓடும். எது மூளை, எது தாடை என்று பிரிக்கத் தெரியாதவர் இந்தத் துறையில் எதைச் சொன்னாலும் நிற்காது. தங்கை முதலில் அளக்கக் கற்றுக்கொள்ளட்டும்.

வைகைக்கரை:
அக்கா சொன்னது சரி. படிக்க இடம் என்றால், காந்திநகர் ஐஐடியிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் அறிவாற்றல் அறிவியலில் (மனமும் மூளையும் வேலை செய்யும் விதத்தைப் படிக்கும் துறை) எம்.எஸ்சி. உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் யோகா பற்றிய ஆராய்ச்சியும் நடக்கிறது. செலவு பற்றி அப்பாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைத்தால் பாரம் குறையும்.

திருமங்கலம் கார்த்தி:
ரொம்ப நன்றி அக்கா. தங்கை பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். கடைசி செமஸ்டர் முடிவதற்குள் எதையாவது தொடங்க முடியுமா என்று கேட்கிறாள்.

இஇஜி அக்கா:
தாராளமாக. பிசியோநெட் தளத்தில் இஇஜி பதிவுகள் இலவசமாகக் கிடைக்கும். பைத்தான் என்ற கணினி மொழியும் புள்ளியியலும் பழகிக்கொண்டே, ஒரு பதிவில் கண் சிமிட்டல் எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தேடச் சொல்லு. சந்தேகம் வந்தால் படத்தை இங்கேயே போடட்டும், நான் பார்த்துச் சொல்கிறேன்.