போர் முடிந்து இத்தனை ஆண்டுகளின் பின்னும் கணவருக்கு இந்த நடுக்கம்: இது நோயா, சிகிச்சையால் மாறுமா?

விசுவமடு வாசகி:

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு 41 வயது, உழவு இயந்திரம் ஓட்டுகிறார். 2009இல் இறுதிப் போரின்போது புதுமாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து மீள்குடியேறியவர். பதுங்குகுழியின் வாசலில் தம்பியைப் பறிகொடுத்ததை மாமி சொல்லித்தான் அறிந்தேன். அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

சென்ற மாதம் மலசலகூடத்துக்குக் குழி வெட்டினோம். நெஞ்சளவு ஆழம் வந்ததும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குழியின் மூலையில் குந்தி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். மகள் தேநீருடன் மேலே நின்று "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டது அவருக்குக் கேட்கவேயில்லை. நான் உள்ளே இறங்கித் தோளைத் தொட்டபோது, "செல்லடி நின்றிட்டுதா?" என்று கேட்டார். சட்டை முழுவதும் வியர்வையில் ஒட்டியிருந்தது.

இரவில் கதவோரம்தான் படுப்பார், இரண்டு மணிக்குப் பின் உறங்கமாட்டார். மே மாதத்தில் சந்தியில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி காய்ச்சும் மணம் வந்தாலே வயலுக்குப் போய்விடுவார். சில இரவுகளில் குடிக்கவும் தொடங்கியிருக்கிறார். மாமி கோயிலில் நூல் கட்டுவித்தார். வைத்தியசாலைக்குப் போகலாம் என்றால், "என்னை விசரன் ஆக்கப் பார்க்கிறாயா?" என்று கோபிக்கிறார். இது நோயா, அவருடைய சுபாவமா? குளிசை தொடங்கினால் வாழ்நாள் முழுவதும் விட முடியாது என்கிறார்களே, அது உண்மையா?

கிளிநொச்சி உளவளத்துணையாளர்:

சகோதரி, நேரில் பார்க்காமல் நோயை உறுதிப்படுத்த எனக்கு உரிமையில்லை. அதை மனநல வைத்தியரே செய்ய வேண்டும். ஆயினும் நீங்கள் எழுதியவை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளோடு பெரிதும் ஒத்துப்போகின்றன. நடந்தது இப்போது நடப்பதுபோல மீண்டும் அனுபவித்தல், அதை நினைவூட்டும் இடத்தையும் மணத்தையும் பேச்சையும் தவிர்த்தல், உடல் ஓயாமல் விழிப்பாக இருத்தல், மனம் மரத்துப்போய் எவரோடும் ஒட்டாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அது நோயாகக் கருதப்படும். பல ஆண்டுகளின் பின் முழுமையாக வெளிப்படுவதும் உண்டு.

யானைக்குக் காவல் இருக்கும் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். அறுவடை முடிந்து வயல் வெறுமையான பின்பும், பரணை விட்டு இறங்காமல் ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் தீப்பந்தம் கொளுத்துகிற காவற்காரனைப் போலத்தான் அவருடைய மூளை இயங்குகிறது. அன்று அந்த விழிப்புத்தான் அவரை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தது என்பதால், இதைக் கோழைத்தனம் என்று எவரும் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். சாதாரண நினைவுக்கு நாளும் இடமும் இருக்கும். இந்த நினைவுகளோ அவை இல்லாமல் துண்டு துண்டாகக் கிடப்பதால், குழியின் மண்வாசனை ஒன்றே அவரை 2009க்குள் இழுத்துவிடுகிறது.

அவர் தனியாள் அல்லர். 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்த ஆய்வொன்றில், நூற்றுக்கு 7 பேரிடம் இந்நோயின் அறிகுறிகள் காணப்பட்டன. அப்போது இடம்பெயர்ந்திருந்தோரிடையே அது 13 ஆக இருந்தது. போரின் உளப்பாதிப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், எங்கள் மக்களுக்கு நேர்ந்ததைக் கூட்டு மனவடு என்றே எழுதினார். குடும்பமும் ஊரும் சேர்ந்து காயப்பட்ட இடத்தில், கோயிலும் சடங்கும் துணையாக இருப்பது நல்லதே. ஆகவே நூலை அவிழ்க்கச் சொல்லாதீர்கள், அதோடு சிகிச்சையும் நடக்கட்டும்.

குளிசையைப் பற்றிய பயம் பலருக்கும் உண்டு. இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படும் செர்ட்ராலின் போன்ற மருந்துகள் போதையூட்டுவன அல்ல. பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும், தொடக்கத்தில் குமட்டலோ படபடப்போ வரலாம். குணமான பின் வைத்தியர் சொல்லும் முறையில் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தலாம், ஆனால் தாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது. மருந்தோடு, அல்லது மருந்தில்லாமலும், மனவடுவை நேரடியாகக் கையாளும் பேச்சுச் சிகிச்சைகள் உள்ளன. அவை பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் நடக்கும்.

மல்லாவிக்காரன்:

தங்கச்சி, நானும் அந்தப் பாதையால் நடந்து வந்தவன். "மனநலப் பிரிவு" என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து போய்விடுவேன். ஆகையால் மனைவி "நித்திரையில்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கூறி வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டிச் சென்றார். அங்கிருந்துதான் மனநல கிளினிக்குக்குத் துண்டு தந்தார்கள். அதற்கு முன் ஒரு மருந்துக்கடையில் வைத்தியரின் துண்டில்லாமலே நித்திரைக் குளிசை வாங்கிப் போட்டு, இரண்டு ஆண்டுகள் அதற்கு அடிமையாகக் கிடந்தேன். அந்தத் தவறை மட்டும் செய்துவிடாதீர்கள்.

என் சிகிச்சையில் நிலத்தில் ஒரு கயிற்றை விரித்து, பிறந்த நாள் தொடங்கி நல்ல நிகழ்வுக்குப் பூவும் கெட்ட நிகழ்வுக்குக் கல்லும் வைக்கச் சொன்னார்கள். 2009க்கு வைத்த கல்லைத் தூக்கவே என் கை நடுங்கியது. பின்பு ஒவ்வொரு கல்லின் கதையையும், எந்த நாள், எந்த இடம், என்ன மணம், உடலில் என்ன செய்தது என்று வரிசையாகச் சொல்லவைத்து எழுதி வாசித்துக் காட்டினார்கள். முதல் மூன்று கிழமைகள் கனவுகள் கூடின, விட்டுவிட நினைத்தேன். கயிற்றின் மறுமுனை சுருட்டியபடி கிடந்ததையும், அது இனி வரப்போகிற வாழ்க்கை என்று சிகிச்சை தந்தவர் சொன்னதையும் இன்றும் மறக்கவில்லை. திருவிழா வெடிக்கு இப்போதும் திடுக்கிடுவேன், ஆனால் ஓடி ஒளிவதில்லை.

விசுவமடு வாசகி:

அண்ணாவின் பதிலை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டிருந்துவிட்டு, "நித்திரைக்கு மட்டும் என்றால் வாறன்" என்றார். நானும் உள்ளே போகலாமா?

கிளிநொச்சி உளவளத்துணையாளர்:

போகலாம், ஆனால் முதலில் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் குழியில் நடந்ததை நீங்கள் சொல்லுங்கள், குடிக்கும் அளவையும் மறைக்காதீர்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. இடையில் என்றேனும் சாவைப் பற்றிப் பேசினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் இரவு பகலாகத் தமிழில் பேசலாம். குழியில் நடந்ததுபோல மறுபடி நிகழ்ந்தால் பின்னால் நின்று தொடாமல், முன்னால் வந்து பெயர் சொல்லி அழைத்து, இன்று என்ன நாள், எங்கே இருக்கிறோம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருங்கள். குழியின் மீதி வேலையை இப்போதைக்கு வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.